கடனோடு ஏறிய கப்பல்

அக்கரைச் சீமைக்குப் புறப்படுகிறவன் முதலில் எதைச் சரிபார்க்க வேண்டும்? பெட்டியையா, பிரயாணச் சீட்டையா? இரண்டையும் அல்ல, கணக்கைத்தான் என்பேன். போக எவ்வளவு செலவாகும், அதை யார் கொடுப்பது, வீட்டுக்கு மாதாமாதம் என்ன வரும், ஒரு நாள் திரும்பி வர நேர்ந்தால் கையில் என்ன மிஞ்சும் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் கப்பல் ஏறியவர்கள் நம் தென்பாண்டிச் சீமையில் ஆயிரமாயிரம்.

இராஜபாளையத்தை அடுத்துச் செட்டியார்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு ஓடும். ஊரின் பெயருக்கும் நாட்டுக்கோட்டை நகரத்தாருக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. ஆனாலும் கடல் கடந்த தமிழர் வரலாற்றில் செட்டியாரும் உண்டு, பட்டிக்காட்டுக் கூலியும் உண்டு. ஊர்ப் பெயரில் செட்டியாரும் பட்டியும் ஒட்டிக்கொண்டு நிற்கலாம். கடல் தாண்டும்போது அவர்கள் ஒரே மாதிரியாகப் போகவில்லை.

நகரத்தார் கணக்கோடு போனார்கள். பர்மாவுக்கும் மலாய் நாட்டுக்கும் கொண்டுவிற்கப் போகிற ஏஜெண்டுக்கு மூன்று வருஷத் தவணை. சம்பளம் இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி, அதில் ஒரு பகுதியை முன்பணமாக வாங்கி, வீட்டுச் செலவுக்கு வகை செய்துவிட்டுத்தான் வண்டி ஏறுவார். போகிறவர் போனாலும் அடுப்பு அணையாது.

கூலியின் பாடு நேர் எதிர். இன்றைய ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரம் 1910 வரையில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. மழையை நம்பிய மண். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் போல ஒன்று வந்துவிட்டால், ஊரில் இருப்பவனுக்கு அக்கரைதான் போக்கிடம். அந்த நேரம் பார்த்துக் கங்காணி வருவார். ஊர்க் கடனைத் தீர்க்கவும், வேட்டி சேலை வாங்கவும், ரயிலுக்கும் படகுக்கும் கட்டவும் அவர்தான் பணம் தருவார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! ஆனால் இலங்கைத் தோட்டத்தில் காலை வைப்பதற்கு முன்பே அவ்வளவும் கூலியின் தலையில் கடனாக ஏறியிருக்கும். செட்டியாருக்குச் சம்பளம் முன்னால் வந்தது. இவனுக்குக் கடன் முன்னால் வந்தது. முன்பணம் என்ற சொல் இருவருக்கும் ஒன்றுதான்.

அதற்கு மேல் ‘துண்டு’ என்று ஒரு சீட்டு இருந்தது. இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விட்டுவிடுகிறோம் என்று தோட்டத்தார் எழுதிக் கொடுப்பது. வேறு தோட்டம் பணத்தைக் கட்டி ஆட்களை அழைத்துக்கொள்ளும். கடன் தீருமா? தீராது. பழைய தோட்டத்துக் கடன் புதிய தோட்டத்துக் கடனாக, பல சமயம் கொஞ்சம் வளர்ந்து, கூடவே நடந்து வரும். 1921இல்தான் இலங்கைச் சட்டம் இந்தத் துண்டை ஒழித்தது. 1922இல் இந்தியக் குடியேற்றச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகே, ஆளைக் கொண்டுவரும் செலவு கூலியைச் சேர்ந்ததல்ல என்ற நியாயம் சட்டத்தில் ஏறியது.

அப்படியானால் கணக்கோடு போனவர்கள் பிழைத்துக்கொண்டார்களா? அதையும் பார்த்துவிடுவோம். 1930க்குப் பின் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய பர்மியக் குடியானவர்கள் நிலத்தைக் கொடுத்தார்கள். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், 1930களின் இறுதியில் 25 சதவீதமாயிற்று. ஐந்தொகையில் அது சொத்து. ஆனால் நிலத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர முடியுமா? 1942இல் ஜப்பானியர் வந்தபோது பல்லாயிரம் இந்தியர்கள் மலைக் காடுகளில் நடந்தே வந்தார்கள். சுதந்திர பர்மா 1948இல் நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் செய்தது. 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். நான்கு கேள்விகளில் மூன்றுக்கு விடை வைத்திருந்தவர்களும் நான்காவதில் தோற்றுப்போனார்கள்.

அதே 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. திரும்புகிறவர்கள் சேமநல நிதி, பணிக்கொடை உட்படத் தங்கள் உடைமைகளைக் கொண்டுவரலாம். அதற்கு உச்சவரம்பு வைத்தாலும் அது 4,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும் அதில் கண்டிருந்தது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை கிள்ளிய குடும்பத்துக்கு, நான்காவது கேள்வியின் விடையை இரண்டு சர்க்கார்கள் கூடி எழுதின. கேட்கப்படாதவர்கள் அந்தத் தொழிலாளிகள் மட்டுமே. வந்தவர்களுக்காக நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. 1969இல் ரெப்கோ வங்கி பிறந்தது.

இன்று கங்காணி இல்லை, ஏஜெண்டு இருக்கிறார். ஆள் எடுப்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்று 1983ஆம் வருஷச் சட்டம் விதித்தது. இருந்தும் வளைகுடாவுக்குப் போக மனைவியின் தாலிச் செயினை அடகு வைக்கிறவர் உண்டு. அவருடைய முதல் வருஷச் சம்பளம் யாருக்கு? வட்டிக்கடைக்குத்தானே! அதுவும் ஒரு துண்டுச் சீட்டுதான். எழுதியவர் கை மட்டும் வேறு.

போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். போனவர்களால் எத்தனையோ வீடுகளில் விளக்கு எரிகிறது. போகுமுன் ஒரு நாள் மனைவியோடு உட்கார்ந்து நான்கு கேள்விகளையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். நான்காவதை முதலில் எழுதுங்கள்.