சலங்கும் சரக்கும்

புதுச்சேரியில் 'வெக்டர்' என்று சொன்னால் ஜனங்கள் கொசுவைத்தான் நினைப்பார்கள். அதில் தப்பில்லை. 1975-ஆம் வருஷம் முதல் இந்த ஊரில் 'வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர்' என்ற மத்திய சர்க்கார் நிலையம் இருக்கிறது. நோயைச் சுமந்துவரும் கொசு முதலிய ஜந்துக்களை அடக்கும் வழியைத் தேடுவது அதன் வேலை. ஆகவே வெக்டர் என்றால் நமக்கு விரோதி. ஆனால் லத்தீனில் அந்த வார்த்தைக்குச் 'சுமப்பவன்' என்றுதான் பொருள். நோயைச் சுமப்பவனையே மருந்தையும் சுமக்கச் செய்யலாம் என்று ஒரு சரித்திரம் உண்டு. அதைத் தேடிப் படிக்கும்படி என்னைச் செய்தது ஒரு சிறு பெண்.

அவள் என் சித்தப்பா மகனுடைய குழந்தை. வயது 12. வைசியாள் வீதியில் அவர்கள் வீட்டு ஜன்னல்களுக்குப் பகலெல்லாம் கனத்த திரை போட்டிருக்கும். சூரியன் மறைந்த பிறகுதான் அவள் கடற்கரைக்கு வருவாள். தான் பிறந்த ஊர்க் கடலின் பகல் நிறத்தை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். வெயில் பட்டால் அவள் தோலில் புள்ளி விழும். நாளாவட்டத்தில் அது புற்றுநோயாகவும் மாறலாம். ஸீரோடெர்மா பிக்மென்டோசம் என்று இந்த நோய்க்குப் பெயர்.

"அக்காள் மகளைக் கட்டிக்கொண்டேனே அண்ணா, அதனால்தானே?" என்று என் தம்பி ஒரு நாள் கேட்டான். டாக்டர் ஏற்கெனவே விளக்கியிருந்தார். தாயிடம் ஒரு பழுது, தகப்பனிடம் ஒரு பழுது. இருவருக்கும் நல்ல பிரதி ஒன்றும் இருப்பதால் அவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. இரண்டு பழுதும் ஒரே குழந்தைக்கு வந்து சேரும்போதுதான் நோய். சொந்தத்தில் கல்யாணம் செய்தால் அப்படிச் சேரும் வாய்ப்பு அதிகம். வேண்டுமென்று யாரும் செய்ததல்ல என்று நான் சொன்னேன். அது அவனுக்குப் போதவில்லை.

குழந்தை கேட்டது வேறு. "பெரியப்பா, வைரஸிலே மருந்து வருமாமே, நிஜமா?"

வியன்னாவில் காப்போஸி என்ற வைத்தியர் 1870-களிலேயே இந்த நோயை வர்ணித்தார். காரணம் தெரிய ஏறக்குறைய நூறு வருஷம் ஆயிற்று. வெயில் எல்லோருடைய தோலையும்தான் கெடுக்கிறது. அணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. என்ற நூலில் அது முடிச்சு விழச் செய்கிறது. நமக்கெல்லாம் உள்ளேயே ஒரு தையற்காரன் இருந்து, கெட்ட துண்டைக் கத்தரித்து எறிந்துவிட்டுப் புதிய நூலை வைத்துத் தைத்துவிடுகிறான். இந்த நோயாளிகளிடம் அந்த வேலை நடப்பதில்லை என்று 1968-இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஜேம்ஸ் கிளீவர் கண்டுபிடித்தார். நோயில் பல வகை உண்டு. அவற்றில் ஏ வகைக்கு உரிய மரபணுவை 1990-இல் ஜப்பானின் ஒஸாகாவில் தனாகாவும் அவர் கூட்டத்தாரும் பிரித்தெடுத்தார்கள்.

சரக்கு கிடைத்துவிட்டது. அணுவுக்குள் அதைக் கொண்டுபோவது யார்?

இங்கே பழைய புதுச்சேரியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1866-இல் இரும்புப் பாலம் வருவதற்கு முன்னால் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அலையைத் தாண்டிச் சரக்கைக் கரை சேர்ப்பது சலங்கு என்ற படகு. ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த பலகைகள்; அலை மோதினால் வளைந்து கொடுக்கும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு அது பழக்கமான பெயர். வைரஸும் ஒரு சலங்குதான். அணுவுக்குள் நுழையும் வித்தை அதற்குத் தெரியும். அதன் சொந்தச் சரக்கை, அதாவது பெருகி நோய் உண்டாக்கும் சக்தியை, இறக்கிவிட்டு அந்த இடத்தில் மனித மரபணுவை ஏற்றிவிடுகிறார்கள்.

பாரிஸுக்குப் பக்கத்தில் வில்ழுயிஃப் என்ற ஊரில் ஸராஸின், மெஸ்ஸினா முதலியவர்கள் 1997-இல் இப்படி ஏ, பி, ஸி ஆகிய மூன்று வகை நோயாளிகளின் அணுக்களிலும் ரெட்ரோ வைரஸ் மூலம் மரபணுவைச் சேர்த்தார்கள். கண்ணாடித் தட்டில் இருந்த அந்த அணுக்கள் மறுபடியும் தைக்கத் தொடங்கின. 2004-இல் பிரேஸிலில் மென்க் என்பவரின் கூட்டத்தார், ஜலதோஷம் உண்டாக்கும் அடினோ வைரஸில் மனிதனின் ஏ மரபணுவை ஏற்றி, அது இல்லாத சுண்டெலிகளின் முதுகுத் தோலில் ஊசி போட்டார்கள். பிறகு வெயிலைப் போன்ற ஒளியைக் காட்டினார்கள். புற்றுநோய் வரவில்லை.

இத்தோடு நிறுத்தினால் கதை இனிக்கும். ஆனால் சலங்கு கவிழ்ந்ததும் உண்டு. 1999-இல் அமெரிக்காவில் வேறொரு வியாதிக்காக அடினோ வைரஸ் செலுத்தப்பட்ட ஜெஸ்ஸி கெல்ஸிங்கர் என்ற 18 வயதுப் பையன் நான்கே நாளில் மாண்டான். அந்தப் படகையே அவன் உடம்பு எதிரியென்று கண்டு பொங்கி எழுந்தது. பாரிஸ் நெக்கர் ஆஸ்பத்திரியில், நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்த குழந்தைகளை ரெட்ரோ வைரஸ் பிழைக்க வைத்தது. 2002-இல் அவர்களில் சிலருக்கு ரத்தப் புற்றுநோய் கண்டது. சரக்கு சரியானதுதான், படகு கரையேறிய இடம் தப்பு.

அந்தத் துக்கங்களிலிருந்து பாடம் கற்றுத்தான் பிற்காலத்துப் படகுகளைக் கட்டினார்கள். நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் லென்டி வைரஸ் மூலம் 5 ஹீமோபிலியா நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சை பலித்தது என்று 2024 டிசம்பரில் செய்தி வந்தது. அது ரத்தம் உறையாத வியாதி. எங்கள் குழந்தையின் வியாதி அல்ல. ஆனாலும் தம்பி அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்திருக்கிறான்.

போன வாரம் இருட்டிய பிறகு, பழைய கலங்கரை விளக்கின் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். அவளுடையது ஸி வகை. அதற்கு இன்னும் இது வைத்தியமாக வரவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

"அந்தச் சுண்டெலிகளை அப்புறம் நிஜ வெயிலில் விட்டார்களா, பெரியப்பா?"

"இல்லையம்மா, விளக்கு வெயில்தான்."

அவள் சிறிது நேரம் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி விரல் விட்டு எண்ணினான். "1968, 1990, 1997, 2004... அடுத்தது எந்த வருஷம், அண்ணா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மாடி ஜன்னல் திரையில் ஓர் ஓரம் கிழிந்திருக்கிறது, நாளைக் காலை வெயில் ஏறுவதற்குள் தைத்துவிடு என்றேன்.