கப்பலேறிய சட்டாம்பிள்ளை

திண்ணைப் பள்ளிக்கூடம் என்றதும் பிரம்பும் கோதண்டமும் நினைவுக்கு வருகின்றன. வாத்தியார் கண்ணயரும் வேளையில் அதிகாரம் செலுத்தும் சட்டாம்பிள்ளையும் கூடவே வருவான். இவன் சீமைக்குக் கப்பலேறிய கதை ஒன்று உண்டு.

ஏற்றியவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1789-இல் சென்னை எழும்பூரில், வெள்ளைச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கென்று ஏற்பட்ட பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒரு நாள் காலை குதிரைமேல் போகையில், நாட்டுப் பள்ளியொன்றில் குழந்தைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார். திரும்பி வந்து தம் உபாத்தியாயர்களிடம் சொன்னார். அவர்களுக்கு அது ரசிக்கவில்லை. நடக்காத காரியம் என்று கையை விரித்துவிட்டார்கள். பெரியவர்கள் எங்கும் இப்படித்தான்! பெல் வாதாடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, அரிச்சுவடி வகுப்பையே அவனிடம் ஒப்படைத்தார். பையன் செய்து காட்டினான். பிறகு மற்ற வகுப்புகளும் ஒவ்வொன்றாய்ப் பையன்கள் கைக்கு வந்தன.

பிள்ளைக்குப் பிள்ளை பாடம் சொன்னதை எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கு வியப்பு வேறொன்றில். அப்பள்ளியில் எழுதத் தெரிந்த பையன், அன்றன்று தான் படித்த பாடம் எத்தனை, அதற்கு ஆன நேரம் எவ்வளவு என்று தன் நோட்டின் கடைசிப் பக்கங்களில் தானே குறித்துக்கொள்வான். மாத முடிவில் கூட்டிப் பார்ப்பான். போன மாதத்தோடு ஒத்துப் பார்ப்பான். மளிகைக் கடைக்காரர் பேரேடு வைப்பதுபோல் படிப்புக்கு ஒரு பேரேடு. பக்கத்துப் பையனோடு அல்ல, நேற்றைய தன்னோடே போட்டி. பிரம்புக்கு அங்கே என்ன வேலை?

1797-இல் பெல் இதையெல்லாம் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். அடுத்த ஆண்டே ஜோசப் லங்காஸ்டர் அங்கே ஒரு பள்ளியைத் தொடங்கி, இதே வழியில் பெரும் பெயர் எடுத்தார். முறையை முதலில் கண்டவர் யார் என்று இருவர் கட்சிக்காரர்களும் சண்டையிட்டார்கள். சண்டைக்கு நடுவே, ஒரே வாத்தியார் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்ற சிக்கனம்தான் பலருக்கு இனித்தது. கிளிப்பிள்ளைப் பாடமாகிவிட்டது என்ற குறை வளர்ந்தது. 1846-இல் சம்பளம் பெறும் மாணவ ஆசிரியர்களை அரசாங்கம் ஏற்படுத்தவே, சட்டாம்பிள்ளையின் செல்வாக்கு சரிந்தது.

பெல் 1832-இல் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் பணத்தில் எழுந்த பள்ளி, பிறந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் இன்றும் நடக்கிறது. அதன் பெயர் மெட்ராஸ் காலேஜ். மணலில் எழுதிய நம் பிள்ளைகளின் பெயர்தான் எந்த ஏட்டிலும் இல்லை.