அப்பாவின் பத்தியமும் என் பத்தியமும்

எனக்கு ஸ்டென்ட் வைத்து ஏழு வருடம் ஆகிறது. வைத்த மறுநாளே நர்ஸ் கையைப் பிடித்து வராந்தாவில் நடக்க வைத்தார். நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது டயட்டீஷியன் அம்மா ஒரு தாளைக் கையில் கொடுத்தார். அதில் மூன்றாவது வரி, "வாரம் இரண்டு முறை மத்தி, அயிலை போன்ற மீன். பொரிக்காமல், குழம்பாக." அதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பயந்துவிட்டேன் என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். விஷயம் அதுவல்ல.

1972-ல் நாகப்பட்டினத்தில் என் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. வயது 54, பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். அன்று இரவு அம்மா வைத்த மத்திக் குழம்பை ஊற்றி வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டு, "ஆறு வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. உப்பு, எண்ணெய், தேங்காய், மீன் எதுவும் கூடாது" என்றார். அப்பாவுக்கு உப்பில்லாத கஞ்சியும் மோரும்தான் சாப்பாடு. இயற்கை உபாதைகூடக் கட்டிலிலேயே. ஆறு வாரம் கழித்து எழுந்தபோது கால்கள் குச்சியாகியிருந்தன. அதன் பிறகு அவர் மாடிப்படி ஏறவே இல்லை. 1975-ல் இரண்டாவது முறை வந்தது. அத்தோடு போய்விட்டார்.

அம்மா அதன் பிறகு இருபத்தெட்டு வருடம் இருந்தார். மத்தி வாங்கவே இல்லை. "அன்னைக்கு ராத்திரி அந்தக் கொழம்ப வைக்காம இருந்திருந்தா ஒங்கப்பா இருந்திருப்பாருடா" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். என்ன பதில் சொல்வதென்று எனக்கு அப்போது தெரியாது.

ஓய்வு பெற்ற பின் நேரம் நிறைய இருந்ததால், இந்தப் பத்தியம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மாரடைப்பு வந்தும் மனிதன் பிழைக்கலாம் என்பதை மருத்துவ உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக். அவருடைய கட்டுரை வந்தது 1912-ல். பிழைத்தவருக்கு அவர் சொன்ன முக்கியமான வைத்தியம் முழு ஓய்வு. 1939-ல் பாஸ்டனில் மலோரி, பால் டட்லி வைட் முதலிய டாக்டர்கள், சேதமான இதயத் தசை ஆறித் தழும்பாவதற்குப் பல வாரம் பிடிக்கும் என்று கண்டார்கள். அதுவரை படுத்தே இருக்க வேண்டும் என்பது வழக்கமாயிற்று. நியூயார்க்கில் ஆர்தர் மாஸ்டர் என்பவர் 1930-களிலேயே, இதயத்துக்கு வேலை குறையட்டும் என்று நாளைக்கு 800 கலோரி மட்டும் கொடுத்துப் பார்த்தார். வளர்ந்த ஆளுக்கு அது அரைவயிறுகூட இல்லை. அப்பாவின் கட்டிலும் கஞ்சியும் இந்த வழியில் வந்தவைதான் என்று புரிந்தது.

இதை முதலில் துணிந்து மாற்றியவர்கள் பாஸ்டனின் சாமுவேல் லெவினும் அவருடைய இளம் உதவியாளர் பெர்னார்ட் லோனும். 81 நோயாளிகளைப் படுக்க வைக்காமல், ஆரம்ப நாட்களிலேயே சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். 1952-ல் அது கட்டுரையாக வந்தது. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம், மனமும் தளரும் என்பது அவர்கள் வாதம். அந்தச் செய்தி எங்கள் ஊருக்கு வந்து சேர இருபது வருடம் போதவில்லை.

அடுத்தது 1955. அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் டென்வரில் கோல்ஃப் ஆடிவிட்டு, பச்சை வெங்காயம் வைத்த ஹாம்பர்கர் சாப்பிட்டார். வயிறு சரியில்லை என்றார். எல்லாரும் பழியை வெங்காயத்தின் மேல் போட்டார்கள். அன்று நள்ளிரவுக்குப் பின் வந்தது மாரடைப்பு. இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் மத்திக் குழம்புதான் நினைவுக்கு வந்தது. கடைசியாகச் சாப்பிட்டது எதுவோ அதைத்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறோம். ரத்தக் குழாயில் கொழுப்புப் படிவதோ பல வருடக் கதை. ஐசனோவர் 1949 வரை நாளைக்கு நான்கு பாக்கெட் வரை சிகரெட் பிடித்தவர்.

அவரைப் பார்க்க வரவழைக்கப்பட்டவர் அதே பால் டட்லி வைட். ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாலும், பிறகு வேலைக்குப் போகலாம், நடக்கலாம், எடையைக் குறையுங்கள் என்றார். ஐசனோவர் அடுத்த வருடமே தேர்தலில் நின்று ஜெயித்தார். 1969 வரை இருந்தார்.

சரி, சாப்பாடு? கொழுப்பைக் குறைத்தால் போதும் என்று அப்போது பலர் நம்பினார்கள். லண்டனில் மாரடைப்பிலிருந்து மீண்ட 264 ஆண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நாளைக்கு 40 கிராம் கொழுப்புதான் என்று வைத்துப் பார்த்தார்கள். 1965-ல் முடிவு வந்தது. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. வேல்ஸில் 2,033 ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1989-ல் வெளிவந்தது. வாரம் இரண்டு முறை எண்ணெய்ச் சத்துள்ள மீன் சாப்பிடச் சொல்லப்பட்டவர்களில் இரண்டு வருடத்தில் இறப்பு 29 சதவீதம் குறைவு. மத்தி அந்த ஜாதி மீன்தான்! பின்னால் நெஞ்சுவலிக்காரர்களை வைத்து அதே குழுவினர் நடத்திய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. எனவே மீனை மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் குற்றவாளி இல்லை.

பிரான்ஸின் லியோன் நகரத்தில் 605 பேருக்கு நடந்த ஆய்வு எனக்குப் பிடித்தது. ரொட்டி, காய்கறி, கீரை, மீன் கூடுதல், ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி குறைவு, பழம் இல்லாத நாள் கூடாது, வெண்ணெய்க்குப் பதில் கனோலா எண்ணெயில் செய்த மார்ஜரின். இந்தப் பிரிவில் பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 1994-ல் முதல் அறிக்கை வந்தது. வேடிக்கை என்னவென்றால், இரு பிரிவிலும் கொலஸ்ட்ரால் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. ஸ்பெயினின் கோர்டோபாவில் 1,002 நோயாளிகளை ஏழு வருடம் கவனித்து 2022-ல் வந்த முடிவும் இதே பக்கம்தான். வெறும் கொழுப்புக் குறைப்பைவிட ஆலிவ் எண்ணெய், காய், பருப்பு, மீன் கொண்ட முழுச் சாப்பாடு நல்லது என்றது.

இதையெல்லாம் படித்தபோது ஒன்று உறைத்தது. அப்பா நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பார். பத்தியத்தில் மீன் இருந்தது, தேங்காய் இருந்தது. சிகரெட்டைப் பற்றி அழுத்திச் சொன்னவர் யாருமில்லை. எழுந்து நடமாட ஆரம்பித்ததும் கொல்லைப்புறத்தில் நின்று மறுபடி பிடித்தார். நாங்கள் எல்லாருமே பார்த்தோம். அம்மாவின் குழம்புச் சட்டிதான் பழியைச் சுமந்தது.

அம்மா 2003-ல் காலமானார். இது எனக்குத் தெரிந்தது அதன் பிறகுதான். "ஒன் கொழம்பு ஒண்ணும் பண்ணலம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லக் கொடுத்துவைக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழியைச் சுமக்கும் அம்மாவோ அக்காவோ இருக்கலாம். இருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். உப்பும் எண்ணெயும் எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள், சர்க்கரையும் கிட்னியும் ஆளுக்கு ஆள் வேறு. ஆனால் பயந்து பட்டினி கிடக்காதீர்கள், நடங்கள்.

இன்று புதன்கிழமை. மருமகள் மத்தி வாங்கி வந்திருக்கிறாள். அம்மாவின் பக்குவம் அவளுக்கு வராது, புளி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். இருந்தாலும் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவேன்.