கேடயமும் மன்னனும்: ஓர் உடுத்தொகுதியின் வரலாறு

உடுத்தொகுதிகள் யாவும் தொன்மக் கதைகளிலிருந்தே பிறந்தன என்பது பொதுவான எண்ணம். 'ஸ்கூட்டம்' எனப்படும் கேடயத் தொகுதி இதற்கு விலக்காகும். 88 தொகுதிகளுள் பரப்பில் ஐந்தாவது சிறியதான இதன் தோற்றம் புராணத்திலன்றி அரசியலிலேயே நிகழ்ந்தது.

டான்சிக் நகரில் மதுவடிப்புத் தொழில் நடத்திய வானியலறிஞர் ஹெவேலியசின் அவதான நிலையம் 1679இல் தீக்கிரையாயிற்று. அதனை மீளமைக்கப் போலந்து மன்னன் மூன்றாம் யான் சொபியெஸ்கி உதவினான். 1683இல் வியன்னாவை முற்றுகையிட்டிருந்த ஒஸ்மானியப் படையை அவன் தலைமையிலான கூட்டுப்படை முறியடித்தது. மறு ஆண்டே ஹெவேலியஸ் மங்கலான சில உடுக்களை இணைத்து, 'சொபியெஸ்கியின் கேடயம்' எனப் பெயரிட்டார். புரவலனைப் புலவன் பாட்டிற் பதித்தான்; ஹெவேலியசோ வானிற் பதித்தார்.

ஆயின் காலத்தின் தீர்ப்பு வேறாயிற்று. 1922இல் சர்வதேச வானியற் சங்கம் ஏற்ற பட்டியலில் கேடயம் எஞ்சியது; மன்னன் பெயர் இடம்பெறவில்லை. 1681இல் கிர்ச் கண்டறிந்த, ஏறத்தாழ 2,900 உடுக்களைக் கொண்ட 'எம் 11' கொத்தும், சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை துடித்து ஒளி மாறும் டெல்ற்றா உடுவுமே இன்று இத்தொகுதிக்குச் சிறப்பளிக்கின்றன.

ஹெவேலியஸ் 1687இல் மறைந்தபின், இத்தொகுதியைத் தாங்கிய விண்வரைபட நூலை 1690இல் வெளிக்கொணர்ந்தவர் அவர் மனைவி எலிசபெத்தா. அவதானிப்பிலும் அவர் உடனுழைத்தவர். எனினும், எந்த உடுத்தொகுதியும் அவர் பெயரைத் தாங்கவில்லை. கொடுத்தவனுக்குக் கேடயம் கிடைத்தது, உழைத்தவளுக்கு அதுவுமில்லை. வானத்துப் பெயர்களும் சமூக உறவுகளின் ஆவணங்களே என்பது இதனாற் பெறப்படும்.