முகக்குறியிலிருந்து மறுமொழிக்கு: உளவியல் தமிழ்நாட்டில் அறிவியலான வழி

திருவாரூர் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டப விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை வரிசை வரிசையாக வரையப்பட்டிருக்கிறது. காட்சிகளுக்குத் தமிழிலேயே விளக்கம் எழுதியிருக்கிறார்கள். ஓவியரின் பெயர் சிங்காதனம் என்றும் குறிப்பு இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலோ தீட்டப்பட்ட இந்த ஓவியங்களில் முசுகுந்தனுக்கு மனித உடல், குரங்கு முகம். முற்பிறவியில் குரங்காக இருந்து சிவன்மேல் வில்வ இலையைப் பறித்துப் போட்டவன், மறுபிறவியில் அரசனாகும்போதும் பழைய முகமே வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டான் என்பது தலபுராணம். இந்திரனிடமிருந்து தியாகராசரை ஆரூருக்குக் கொண்டுவந்தவன் அவன்தான். அவன் முகத்தைப் பார்த்து அவன் குணத்தைச் சொல்லிவிட முடியாது.

அதே காலத்தில் பிரான்சில், பதினான்காம் லூயி மன்னரின் தலைமை ஓவியர் சார்லஸ் லெ ப்ருன் இதற்கு நேர் எதிரான கருத்தைப் பரப்பிக்கொண்டிருந்தார். மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் அருகருகே வரைந்து, எந்த விலங்கின் சாயல் இருக்கிறதோ அந்த விலங்கின் குணமும் அந்த மனிதனிடம் இருக்கும் என்று 1671இல் அவர் உரை நிகழ்த்தினார். அவர் வரைந்தவற்றின் அச்சுப் படிகள் தஞ்சாவூர் வரை வந்து சேர்ந்தன. சரசுவதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகத்தில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். 1798 முதல் 1832 வரை தஞ்சை அரசராக இருந்த இரண்டாம் சரபோஜி சேர்த்த ஐரோப்பியச் செல்வங்களோடு வைத்து எண்ணப்படுபவை அவை. நம்மவர்க்கு இது புதிய சரக்கும் அல்ல. அங்க அமைப்பைக் கொண்டு குணமும் பலனும் சொல்லும் சாமுத்திரிகா லட்சணம் இங்கே வேரூன்றியிருந்தது.

சரபோஜியிடம் வேறொரு வகைத் தாள்களும் இருந்தன. அவருடைய மருத்துவ நிலையமான தன்வந்திரி மகாலோடு தொடர்புடைய கண் நோயாளிகளின் குறிப்புகள் அவை. ஒவ்வொரு நோயாளியின் கண்ணையும் தனித்தனியே வண்ணத்தில் வரைந்து, என்ன நோய், என்ன செய்தோம், என்ன ஆயிற்று என்று பதிந்திருக்கிறார்கள். லெ ப்ருன் படத்தில் ஒரு முகம் ஒரு வகைக்குச் சான்றாக நிற்கிறது. கண் குறிப்பில் ஒரு கண் ஒரே ஓர் ஆளுடைய கண்ணாகவே இருக்கிறது. மனத்தைப் பற்றிய அறிவு அறிவியலாக மாறியது முதல் வழியை விட்டு இரண்டாம் வழிக்கு வந்தபோதுதான் என்பதே இக்கட்டுரையின் வாதம். உருவத்தைப் பார்த்து ஆளை எடைபோடுவதை நிறுத்திவிட்டு, ஒன்றைக் காட்டி, அதற்கு அவர் தரும் மறுமொழியை அளக்கத் தொடங்கியதே உளவியலின் பிறப்பு.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும் என்று முப்பத்திரண்டாக விரிக்கிறது அது. அச்சமோ வெகுளியோ ஒருவருடைய நிலையான குணம் அல்ல, ஒரு காரணத்தால் எழுந்து உடலில் தெரியும் நிலை என்ற பார்வை லெ ப்ருனின் விலங்கு முகங்களைவிட எவ்வளவோ நுட்பமானது. ஆனால் அது இலக்கியத்துக்கான இலக்கணம். காரணத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து விளைவை அளக்கும் முயற்சி அதில் இல்லை; அதன் நோக்கமும் அதுவல்ல. நம்மிடம் உளவியல் எப்போதோ இருந்தது என்று சொல்லி மகிழ்வோர் இந்த வேறுபாட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அளக்கும் முயற்சி ஜெர்மனியில் தொடங்கியது. லைப்சிக் பல்கலைக்கழகத்து எர்ன்ஸ்ட் வெபர், தொடுவுணர்வைப் பற்றி 1834இல் வெளியிட்ட நூலில் ஓர் எளிய உண்மையைக் கண்டு சொன்னார். இரண்டு எடைகளுக்கிடையே வேறுபாடு தெரிவது கூடுதல் எடையை மட்டும் பொறுத்ததல்ல; முதல் எடையில் அது எத்தனையாவது பங்கு என்பதைப் பொறுத்தது. தூக்கிப் பார்க்கும் எடைக்கு அந்தப் பங்கு ஏறத்தாழ நாற்பதில் ஒன்று. களத்துமேட்டில் 40 கிலோ மூட்டையைத் தூக்குபவருக்கு ஒரு கிலோ கூடினால் தெரியும். 80 கிலோ மூட்டையில் அதே ஒரு கிலோ தெரியாது, இரண்டு கிலோ கூட வேண்டும். 1850 அக்டோபர் 22 காலை, படுக்கையில் இருந்தபடியே, உடலுக்கும் மனத்துக்கும் உள்ள உறவைச் சமன்பாடாக எழுதலாம் என்று இயற்பியலறிஞர் குஸ்தாவ் பெக்னருக்குத் தோன்றியது. அவருடைய உளஇயற்பியல் நூல் 1860இல் வந்தது. அந்த 1850ஆம் ஆண்டிலேயே உடலியலறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், தவளையின் நரம்பில் செய்தி நொடிக்குச் சுமார் 27 மீட்டர் வேகத்தில்தான் செல்கிறது என்று அளந்து காட்டினார். எண்ணம் உதிக்கும் வேகத்துக்கு அளவே இல்லை என்ற நம்பிக்கை அத்தோடு தளர்ந்தது.

வில்ஹெல்ம் வுண்ட் 1879இல் லைப்சிக்கில் உளவியல் ஆய்வகம் நிறுவினார். ஒலியோ ஒளியோ தோன்றிய கணத்துக்கும் ஆள் விசையை அழுத்தும் கணத்துக்கும் இடையே நொடியில் ஆயிரத்தில் எத்தனை பங்கு கழிகிறது என்று அங்கே கருவி வைத்து அளந்தார்கள். மொழி, சமயம், வழக்கம் போன்ற உயர்நிலைச் செயல்களை இந்த ஆய்வகத்தில் அளக்க முடியாது என்று வுண்ட் தெளிவாகவே சொன்னார். அவற்றுக்காக மக்களின உளவியல் என்று பத்துத் தொகுதிகளைத் தனியே எழுதினார். பின்வந்தவர்கள் கருவியை எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

அந்தக் கருவிகளின் வழிவந்தவை தமிழ்நாட்டுக்கு முதலில் வந்த இடம் கல்லூரி அல்ல, நீலகிரி. கேம்பிரிட்ஜில் சோதனை உளவியல் கற்பித்த டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ், வுண்டின் ஆய்வகத்தில் பழகிய கிரேப்பலினிடம் ஹைடல்பெர்கில் பயின்றவர். 1898இல் டாரஸ் நீரிணைத் தீவுகளில் புலனுணர்வுச் சோதனைகள் நடத்திவிட்டு, 1901-02இல் தோடர்களிடம் வந்தார். தோடர்கள் அப்போது எண்ணூறு பேர் அளவில்தான் இருந்தார்கள். அவர்களோடு பேச அவருக்குச் சாமுவேல் என்ற கிறித்தவ ஊழியர் துணையிருந்தார். ரிவர்ஸ் எழுதிய ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் இந்த மொழிபெயர்ப்பாளரின் வாய் இருந்தது என்பதை அவரை மேற்கோள் காட்டுவோர் நினைவில் வைப்பதில்லை.

அதே ஆண்டுகளில் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், காலிப்பர் கருவியோடு ஊர் ஊராகப் போய்த் தலையின் நீள அகலத்தை அளந்துகொண்டிருந்தார். மூக்கின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டுச் சாதிகளை வரிசைப்படுத்தும் வேலை அது. லெ ப்ருன் கண்ணால் செய்ததை இவர் அளவுகோலால் செய்தார். எண் வந்துவிட்டதால் மட்டும் அது அறிவியலாகிவிடவில்லை. ரிவர்ஸ் தோடர்களின் தலையைவிட அவர்கள் என்ன பார்க்கிறார்கள், என்ன உணர்கிறார்கள் என்பதையே அளக்க முயன்றார். ஊராளி, சோளகர் பழங்குடி மக்களின் பார்வை பற்றி அவர் எழுதியது 1903இல் சென்னை அருங்காட்சியகத்தின் இதழிலேயே வெளியானது. தோடர்களின் புலன்களைப் பற்றிய விரிவான கட்டுரை, புதிதாகத் தொடங்கிய பிரித்தானிய உளவியல் இதழில் 1905இல் வந்தது.

அவர் செய்த சோதனைகளில் ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். சம நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் நுனிகளில் அம்புத் தலை உட்புறமாக மடிந்திருக்கும், மற்றதில் வெளிப்புறமாக விரிந்திருக்கும். விரிந்தது நீளமாகத் தெரியும். முல்லர்-லயர் மாயை என்பது இதன் பெயர். ஒரு கோட்டைக் கூட்டிக் குறைத்து, இரண்டும் சமமாகத் தெரியும் இடத்தில் நிறுத்தச் சொல்வார் ரிவர்ஸ். உண்மையில் எவ்வளவு பிசகுகிறதோ அதுவே மாயையின் அளவு. தோடர்கள் இதில் ஆங்கிலேயர்களைவிடக் குறைவாகவே ஏமாந்தார்கள். ஆனால் குத்துக்கோடு படுக்கைக்கோட்டைவிட நீளமாகத் தெரியும் இன்னொரு மாயையில் கூடுதலாக ஏமாந்தார்கள். ஒன்றில் குறைவு, ஒன்றில் கூடுதல் என்றால் யார் மேல், யார் கீழ் என்ற கேள்விக்கே இடமில்லை. காட்டுவாசிகளுக்குப் புலன் கூர்மை அதிகம், அறிவு குறைவு என்று ஐரோப்பா முழுவதும் புழங்கிவந்த பேச்சு மந்து எனப்படும் தோடர் குடியிருப்புகளில் செய்த ஓர் எளிய சோதனையில் ஆட்டம் கண்டது. இந்த முடிவுக்குரிய இடத்தை நம் பாடநூல்கள் இன்னும் தரவில்லை.

தோடர் ஆண்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் நிறக்குருடு இருப்பதையும் அவர் கண்டார். பெண்களில் அது மிக அரிது. ஐரோப்பிய ஆண்களில் இது நூற்றுக்கு எட்டு அளவில் காணப்படுவது. நிறக்குருடு எக்ஸ் குரோமோசோம் வழியே வருகிறது என்பது 1911இல்தான் தெரியவந்தது. தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கும் சிறு சமூகத்தில் அது கூடுவதற்கு மனத்தில் காரணம் தேட வேண்டியதில்லை.

கல்லூரிகளுக்குள் உளவியல் நுழைந்தது தத்துவத்தின் கைப்பிடித்து. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர்கள் அதன் ஒரு பகுதியாகவே மனத்தைப் பற்றிப் படித்தார்கள், ஆய்வகம் கிடையாது. மாநிலக் கல்லூரியில் தத்துவ ஆசிரியராக இருந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1912இல் உளவியல் அடிப்படைகள் பற்றி ஆங்கிலத்தில் சிறு நூல் எழுதியதும் இந்தச் சூழலில்தான்.

ஆய்வகம் வங்கத்தில் பிறந்தது. 1905இல் பிரஜேந்திரநாத் சீல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்காகச் சோதனை உளவியல் பாடத்திட்டம் வகுத்தார். 1916இல் அங்கே தனித்துறை தொடங்கியபோது தலைமை ஏற்ற நரேந்திரநாத் சென்குப்தா, ஹார்வர்டில் முன்ஸ்டர்பெர்கிடம் பயின்றவர். முன்ஸ்டர்பெர்க் வுண்டின் மாணவர். இந்திய உளவியல் சங்கம் 1924இல் உருவானது. அதற்கு முன்பே, 1922இல், கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவில் உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கி, பிராய்டோடு கடிதத் தொடர்பில் இருந்தார். ஆனால் அது வேறொரு மரபு, அளவுகோலை நம்பாதது.

டெல்டாக்காரர்களுக்கு 1924 என்றால் மைசூருக்கும் சென்னைக்கும் ஏற்பட்ட காவிரி ஒப்பந்தம்தான் நினைவுக்கு வரும். அதே ஆண்டில் காவிரியின் மேல்பக்கம், மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை பிறந்தது. அப்போது அங்கே துணைவேந்தர் அதே பிரஜேந்திரநாத் சீல். துறையைக் கட்டியெழுப்பியவர் எம்.வி. கோபாலசுவாமி. லண்டனில் உளவியலாளர் ஸ்பியர்மனிடம் ஆய்வுப் பட்டம் பெற்றவர். ஸ்பியர்மனோ லைப்சிக்கில் வுண்டிடம் பட்டம் வாங்கியவர். நீலகிரி, கல்கத்தா, மைசூர் மூன்றின் தடத்தையும் பின்னோக்கிப் போனால் லைப்சிக்கின் அதே ஆய்வகத்தில் போய் நிற்கிறோம். மேலைநாட்டு அறிவுத்திறன் சோதனைகளை இந்தியச் சூழலுக்கு ஏற்ப மாற்றியமைக்கும் வேலையைக் கோபாலசுவாமி மேற்கொண்டார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியலுக்குத் தனித்துறை 1943இல்தான் வந்தது. ஆக்ஸ்போர்டில் பயின்ற ஜி.டி. போவாஸ் அதன் முதல் தலைவர். அவருக்குப் பின் டி.ஈ. சண்முகம் துறையை வளர்த்தார். ரிவர்ஸ் நீலகிரிக்கு வந்து நாற்பது ஆண்டு கழித்தே, தமிழ்நாட்டவர் தமிழ்நாட்டவரை அளக்கும் வாய்ப்பு ஏற்பட்டது. ஆங்கிலம் அறியாத வாசகர்களிடம் இத்துறையைக் கொண்டுசேர்த்ததில் பெரியசாமித் தூரனுக்குப் பெரும் பங்குண்டு. தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளுக்கும் பதிப்பாசிரியராக உழைத்த அவர், குழந்தை உள்ளம், அடிமனம், தாழ்வு மனப்பான்மை பற்றியெல்லாம் எளிய நூல்கள் எழுதினார்.

ஸ்பியர்மனின் இன்னொரு மாணவர் ஜே.சி. ரேவன். எழுத்தறிவு தேவைப்படாத, படங்களின் வரிசையில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்றை அவர் 1930களில் உருவாக்கினார். அந்தச் சோதனையை விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷாபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் நடத்தி, முடிவை 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். அறுவடைக்கு முன் கையில் காசில்லாத காலத்தில் ஒரு முறை. பணம் வந்தபின் அதே ஆளிடம் மறுமுறை. காசில்லாதபோது மதிப்பெண் குறைந்தது. அறிவுத்திறன் என்று நாம் நிலையான குணமாக எண்ணுவது பணமுடை என்ற காரணத்தால் ஏறி இறங்கும் மறுமொழி என்று அவர்கள் வாதிட்டார்கள். புள்ளியியல் முறை பற்றி மறுப்புகளும் அதே இதழில் எழுந்தன, விவாதம் முடியவில்லை. ஆனாலும் ஓர் ஆளை இன்னோர் ஆளோடு ஒப்பிடாமல், அவரையே அவரோடு ஒப்பிட்ட அந்த அமைப்பு எனக்குப் பெரிய முன்னேற்றமாகப் படுகிறது.

அந்த ஆய்வைக் கரும்பில் செய்ததற்குக் காரணம் இருந்தது. ஆலை ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு மாதத்தில் வெட்டு உத்தரவு தரும். எனவே ஒருவருக்கு அறுவடைக்கு முந்தைய காலம் இன்னொருவருக்குப் பிந்தைய காலமாக இருக்கும். பருவத்தின் விளைவையும் பணத்தின் விளைவையும் பிரித்துவிடலாம். நெல்லில் அது நடக்காது. மேட்டூர் அணை திறந்தால் எல்லோருக்கும் தண்ணீர். சம்பா அறுவடையும் பொங்கலும் எல்லோருக்கும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் பணம் சேர்ந்து வருவதில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குமேல் இருந்தால் காயவைத்துக் காத்திருக்க வேண்டும். மூட்டை எடை போடும் முறை ஒருவருக்கு இன்று வரும், ஒருவருக்குப் பத்து நாள் கழித்து வரும். அறுவடை முடிந்தும் காசு வராதவர், வந்தவர் என்று ஒரே ஊரில், ஒரே வாரத்தில் இரு சாரார் கிடைக்கிறார்கள். திருவாரூருக்கு அருகே நீலக்குடியில், வெட்டாற்றங்கரையில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு உளவியல் துறை இயங்குகிறது. அங்கிருந்து எந்தக் கொள்முதல் நிலையமும் தொலைவில்லை. விவசாயிகளோடு கூலித் தொழிலாளர்களையும் சேர்த்து, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், தமிழிலேயே கேட்டு, நிலையத்தின் வரிசையையே சோதனை அமைப்பாகக் கொண்டு அடுத்த சம்பாவில் இந்த ஆய்வைத் தொடங்கலாம்.