லவ்கிராஃப்டின் கதைகள் நூல்களான வரலாறு

ஹோவர்ட் ஃபிலிப்ஸ் லவ்கிராஃப்ட் (1890–1937) திகில் கதைக்கும் அறிவியல் புனைகதைக்கும் நடுவே தமக்கெனத் தனித் தடம் அமைத்துக்கொண்ட அமெரிக்க எழுத்தாளர். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் பிறந்தார். மணமானபின் நியூயார்க்கில் கழித்த இரண்டு ஆண்டுகளைத் தவிர, ஏறக்குறைய வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்தார். அவர் உயிரோடிருந்தவரை எந்தப் பெரிய பதிப்பகமும் அவருடைய சிறுகதைத் தொகுப்பை வெளியிடவில்லை. இன்று பல மொழிகளில் கிடைக்கும் தொகுப்புகள் எல்லாமே அவர் மறைந்த பிறகு பிறர் தேடியெடுத்து, வரிசைப்படுத்தி, சில இடங்களில் திருத்தியும் சில இடங்களில் கெடுத்தும் உருவாக்கியவை. லவ்கிராஃப்ட் என்ற பெயருக்கு இன்றுள்ள மதிப்பில் அந்தத் தொகுப்பாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதழ்க் காலம்

லவ்கிராஃப்ட் 1914இல் யுனைடெட் அமெச்சூர் பிரஸ் அசோசியேஷன் என்ற அமைப்பில் சேர்ந்தார். ஊதியம் எதிர்பாராமல் சிற்றிதழ் அச்சிட்டுத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வோரின் சங்கம் அது. அவருடைய முதிர்ந்த கதைகளில் தொடக்கக்காலத்ததான 'டேகன்' 1917இல் எழுதப்பட்டு, 1919இல் 'தி வேக்ரன்ட்' என்ற அத்தகைய சிற்றிதழில்தான் வெளிவந்தது. 1923 மார்ச்சில் சிகாகோவில் 'வியர்ட் டேல்ஸ்' மாத இதழ் தொடங்கியதும் அவருக்கு ஊதியம் தரும் களம் கிடைத்தது. மரக்கூழில் செய்த மலிவான தாளில், கண்ணைப் பறிக்கும் மேலட்டையோடு வந்த 'பல்ப்' இதழ்களில் அதுவும் ஒன்று. அடுத்த ஆண்டே அதன் ஆசிரியர் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. சிகாகோவுக்குக் குடிபெயர மனமில்லாமல் மறுத்துவிட்டார்.

அப்பொறுப்பை ஏற்ற ஃபார்ன்ஸ்வொர்த் ரைட் அவருடைய கதைகளை விரும்பி வெளியிட்டார். அதே அளவுக்குத் தயங்கித் திருப்பியும் அனுப்பினார். 1926இல் எழுதிய 'தி கால் ஆஃப் கத்துலு' முதலில் மறுக்கப்பட்டு, பின்னர் 1928 பிப்ரவரி இதழில் வந்தது. அண்டார்டிகாவில் மனித இனத்துக்கு முற்பட்ட நாகரிகம் ஒன்றின் எச்சங்களைக் காட்டும் நெடுங்கதை 'அட் தி மவுண்டன்ஸ் ஆஃப் மேட்னெஸ்' 1931இல் மறுக்கப்பட்டது. அந்த மறுப்பு லவ்கிராஃப்டின் ஊக்கத்தையே குலைத்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து 'அஸ்டவுண்டிங் ஸ்டோரீஸ்' என்ற அறிவியல் புனைகதை இதழ் அதை வெளியிட்டது. ஆனால் பத்திகளைத் துண்டு துண்டாக உடைத்தும், இறுதிப் பகுதியில் வரிகளை வெட்டியும் அச்சிட்டது. விண்ணிலிருந்து விழுந்த பொருள் ஒரு பண்ணையை மெல்ல அழிப்பதைச் சொல்லும் 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' 1927 செப்டம்பரில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக்கின் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழில் வந்தது. தாம் எழுதியவற்றில் லவ்கிராஃப்ட் மிக உயர்வாகக் கருதிய கதை அது. அதற்குக் கிடைத்த சன்மானம் 25 டாலர். அதையும் பலமுறை கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

பல்ப் இதழ்களை வாசித்து முடித்ததும் எறிந்துவிடுவதே வழக்கம். தாளும் சில ஆண்டுகளில் பழுப்பேறி நொறுங்கிவிடும். நூலாகத் தொகுக்கப்படாத கதை அந்த இதழோடு மறைந்துபோகும் நிலைதான் இருந்தது.

கைகூடாத தொகுப்புகள்

நூல் முயற்சிகள் நடக்காமல் இல்லை. வியர்ட் டேல்ஸ் நிறுவனம் லவ்கிராஃப்டின் தொகுப்பை வெளியிடும் எண்ணத்தில் இருந்தது. ஆனால் அந்நிறுவனம் 1927இல் கொண்டுவந்த 'தி மூன் டெரர்' என்ற நூல் விலைபோகாமல் தேங்கியதால் திட்டம் கைவிடப்பட்டது. 1931இல் புட்னம் பதிப்பகம் தானாகவே கதைகளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒரே மனநிலையில் இருப்பதாகச் சொல்லித் திருப்பியது. 1933இல் நாஃப் பதிப்பகமும் கேட்டு வாங்கி, பிறகு மறுத்தது. இந்த மறுப்புகளின் பின்னால் வணிகக் கணக்கு இருந்தது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், இதழ் வாசகர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒருவரின் கதைகளைக் கெட்டி அட்டையில் வெளியிட யாரும் துணியவில்லை.

நண்பர்கள் எடுத்த முயற்சிகளும் அரைகுறையாகவே முடிந்தன. 1928இல் டபிள்யூ. பால் குக் என்ற சிற்றிதழ்க்காரர் 'தி ஷன்ட் ஹவுஸ்' கதையைத் தனி நூலாக அச்சிட்டார். தாள்கள் அச்சானதோடு சரி. கட்டடம் செய்யப் பணமின்றிப் பல ஆண்டுகள் கிடந்தன. 1936இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த வில்லியம் கிராஃபோர்ட் 'தி ஷேடோ ஓவர் இன்ஸ்மத்' என்ற நெடுங்கதையை வெளியிட்டார். சுமார் 400 படிகள் அச்சாகி, ஏறக்குறைய பாதிக்கே அட்டை கட்டப்பட்டது. அச்சுப் பிழைகள் மலிந்திருந்ததால் பிழைதிருத்தத் தாளும் சேர்க்க நேர்ந்தது. லவ்கிராஃப்ட் தம் வாழ்நாளில் கண்ட, முறையாகக் கட்டி விற்பனைக்கு வந்த ஒரே நூல் இதுதான். அடுத்த ஆண்டு மார்ச் 15ஆம் நாள், சிறுகுடல் புற்றுநோயால், 46 வயதில் அவர் இறந்தார்.

ஆர்க்கம் ஹவுஸ்

தம் எழுத்துகளுக்குப் பொறுப்பாளராக லவ்கிராஃப்ட் குறித்துவைத்த பெயர் ராபர்ட் பார்லோ. அப்போது பார்லோவுக்கு 18 வயது. கைப்பிரதிகளையும் கடிதங்களையும் திரட்டி, பிராவிடன்ஸிலுள்ள பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹே நூலகத்தில் சேர்த்தது அவர் செய்த பெரும்பணி. அதன் பயன் அரை நூற்றாண்டு கழித்தே தெரியவந்தது.

நூல் வெளியிடும் வேலையை வேறு இருவர் கையில் எடுத்தனர். ஒருவர், விஸ்கான்சின் மாநிலத்தின் சாக் சிட்டி என்ற சிற்றூரைச் சேர்ந்த எழுத்தாளர் ஆகஸ்ட் டெர்லெத். 1926 முதல் லவ்கிராஃப்டோடு கடிதத் தொடர்பு வைத்திருந்த அவர், நேரில் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. மற்றவர் மின்னசோட்டாவைச் சேர்ந்த டொனால்ட் வான்ட்ரே. இருவரும் பெருந்தொகுப்பு ஒன்றைத் தயாரித்துப் பெரிய பதிப்பகங்களை அணுகினர். யாரும் ஏற்கவில்லை. எனவே 1939இல் தாங்களே ஒரு பதிப்பகம் தொடங்கினர். லவ்கிராஃப்ட் தம் கதைகளில் படைத்த கற்பனை நகரான ஆர்க்கமின் பெயரை அதற்குச் சூட்டினர். டெர்லெத் தம் வீடு கட்டுவதற்காக வங்கியில் வாங்கிய கடனில் ஒரு பகுதி அச்சுச் செலவுக்குப் போனது.

முதல் நூல் 'தி அவுட்சைடர் அண்ட் அதர்ஸ்'. 550 பக்கங்களுக்கு மேல், நெருக்கமான எழுத்தில், 1,268 படிகள் அச்சாயின. மேலட்டை ஓவியம் வியர்ட் டேல்ஸ் வாசகர்கள் நன்கறிந்த வர்ஜில் ஃபின்லேயுடையது. முன்பதிவு விலை மூன்றரை டாலர், வெளியான பின் ஐந்து டாலர். முன்பதிவு செய்தவர்கள் 150 பேர் மட்டுமே. படிகள் முழுதும் விற்றுத் தீர நான்கு ஆண்டுகள் ஆயின. 1943இல் இரண்டாவது பெருந்தொகுப்பு 'பியாண்ட் தி வால் ஆஃப் ஸ்லீப்' 1,217 படிகளோடு வந்தது. லவ்கிராஃப்ட் எழுதி முடித்தும் தட்டச்சு செய்யச் சோம்பி மூடிவைத்திருந்த இரண்டு நெடும்படைப்புகள் இதில் இடம்பெற்றன. 'தி டிரீம்-குவெஸ்ட் ஆஃப் அன்னோன் கடாத்' அச்சேறியதே இதில்தான் முதல்முறை. 'தி கேஸ் ஆஃப் சார்ல்ஸ் டெக்ஸ்டர் வார்ட்' அதற்கு முன் இதழில் சுருக்கமாக வந்திருந்தது; முழு வடிவம் இத்தொகுப்பில்தான் கிடைத்தது.

ஒரே எழுத்தாளரின் நூலுக்காகத் தொடங்கிய பதிப்பகம், பல்ப் இதழ்களில் சிதறிக் கிடந்த பிறருக்கும் இடம் கொடுத்தது. கிளார்க் ஆஷ்டன் ஸ்மித்தின் 'அவுட் ஆஃப் ஸ்பேஸ் அண்ட் டைம்' (1942), ராபர்ட் பிளாக்கின் 'தி ஓப்பனர் ஆஃப் தி வே' (1945), ரே பிராட்பரியின் 'டார்க் கார்னிவல்' (1947), ஃபிரிட்ஸ் லைபரின் 'நைட்ஸ் பிளாக் ஏஜன்ட்ஸ்' (1947) ஆகியவை இங்கு வெளிவந்த தொகுப்புகள். பிளாக், பிராட்பரி, லைபர் மூவருக்கும் அதுவே முதல் நூல். பிராட்பரி தம் தொகுப்பின் 27 கதைகளில் 15ஐப் பின்னர் திருத்தி, நான்கு புதிய கதைகளைச் சேர்த்து 1955இல் 'தி அக்டோபர் கன்ட்ரி' என்ற நூலாக வெளியிட்டார். சில ஆயிரம் படிகள் அச்சிட்டுப் பெரும்பாலும் அஞ்சல்வழி விற்ற சிறு பதிப்பகம், இத்துறையில் சிறுகதைத் தொகுப்பு என்ற நூல்வகையை அமெரிக்காவில் நிலைநிறுத்தியது.

மலிவுப் பதிப்புகளும் விமர்சனமும்

ஐந்து டாலர் நூல்கள் சேகரிப்போர் வட்டத்தைத் தாண்டவில்லை. பரவலான வாசகர்களை எட்டியவை மலிவுப் பதிப்புகளே. 1945இல் வேர்ல்ட் பதிப்பகம் வெளியிட்ட தேர்ந்தெடுத்த கதைகளின் தொகுப்பு நன்றாக விற்றது. அதே ஆண்டு, போர்முனையில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்ட சட்டைப்பை நூல் வரிசையில் 'தி டன்விச் ஹாரர் அண்ட் அதர் வியர்ட் டேல்ஸ்' இடம்பெற்றது. வியர்ட் டேல்ஸ் இதழின் பெயரையே அறியாத ஆயிரக்கணக்கானோர் லவ்கிராஃப்டைப் படித்தது இப்படித்தான். பிரிட்டனில் 1951இல் கோலன்ஸ் பதிப்பகமும், பிரான்சில் 1954இல் டெனோயல் பதிப்பகமும் தொகுப்புகளைக் கொண்டுவந்தன. பிரெஞ்சு வாசகர்கள் அவரை எட்கர் ஆலன் போவுக்கு அடுத்த வரிசையில் வைத்தனர்.

அமெரிக்க விமர்சகர்கள் அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. நூல்கள் வெளிவந்ததால்தான் விமர்சனமும் வந்தது. 1945 நவம்பரில் எட்மண்ட் வில்சன் 'தி நியூயார்க்கர்' இதழில் எழுதிய மதிப்புரை மிகக் கடுமையானது. உரிச்சொற்களை அடுக்கித் திகிலூட்ட முயலும் நடையை அவர் ஏளனம் செய்தார். அக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. பலவீனமான தொடக்கக்காலக் கதைகளையும் முதிர்ந்த படைப்புகளையும் தரம்பிரிக்காமல் ஒன்றாகச் சேர்த்த பெருந்தொகுப்புகள் அந்தக் குறையை மேலும் துலக்கிக் காட்டின.

டெர்லெத்தின் கை

தொகுப்பாளர் தேர்வோடு நிற்கவில்லை. லவ்கிராஃப்டின் கதையுலகுக்கு 'கத்துலு மித்தாஸ்' என்ற பெயரைப் பரப்பியவர் டெர்லெத். அந்தக் கதையுலகில் மனிதருக்கு எந்த முக்கியத்துவமும் கிடையாது. அங்கு வரும் பேருருவங்கள் மனிதரை வெறுப்பதும் இல்லை, பொருட்படுத்துவதும் இல்லை. கத்தோலிக்கரான டெர்லெத் அதை நன்மைக்கும் தீமைக்கும் இடையிலான போராகவும், நிலம், நீர், காற்று, நெருப்பு எனப் பிரிந்த தேவர்களின் பகையாகவும் மாற்றி விளக்கினார். லவ்கிராஃப்ட் விட்டுச்சென்ற துண்டுக் குறிப்புகளிலிருந்து தாமே கதைகள் எழுதி, இருவர் பெயரிலும் வெளியிட்டார். 'தி லர்க்கர் அட் தி த்ரெஷோல்ட்' (1945) நாவலும் 'தி சர்வைவர் அண்ட் அதர்ஸ்' (1957) தொகுப்பும் அத்தகையவை. அவற்றில் லவ்கிராஃப்டின் பங்கு மிகச் சொற்பம். ஆனாலும் பல ஆண்டுகள் வாசகர்கள் அவற்றை அவருடைய எழுத்தாகவே எண்ணிப் படித்தனர்.

எனினும் கதைகளை எளிதில் கிடைக்கும்படி முறைப்படுத்தியதும் டெர்லெத்தே. 1963இல் சிறந்த கதைகள் 'தி டன்விச் ஹாரர் அண்ட் அதர்ஸ்' நூலாகவும், 1964இல் நெடுங்கதைகள் 'அட் தி மவுண்டன்ஸ் ஆஃப் மேட்னெஸ் அண்ட் அதர் நாவல்ஸ்' நூலாகவும், 1965இல் எஞ்சியவை 'டேகன் அண்ட் அதர் மேக்கப்ர் டேல்ஸ்' நூலாகவும் வந்தன. பிறருக்காக லவ்கிராஃப்ட் திருத்தியும் மாற்றியும் எழுதிக்கொடுத்த கதைகள் 1970இல் நான்காம் தொகுதியாயின. கடிதங்களின் தேர்வு ஐந்து தொகுதிகளாக 1965 முதல் 1976 வரை வந்தது. அது நிறைவுறும் முன்பே, 1971இல், டெர்லெத் காலமானார்.

மூலபாடத் திருத்தம்

இந்நூல்கள் எதிலும் பாடம் நம்பத்தக்கதாக இல்லை. இதழ்கள் செய்த வெட்டுகளும், தட்டச்சுப் பிழைகளும், பிற்கால அச்சுப் பிழைகளும் படிப்படியாகச் சேர்ந்திருந்தன. அவற்றைக் களைந்தவர் 1958இல் புனேயில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவில் குடியேறிய எஸ். டி. ஜோஷி. பிரவுன் பல்கலைக்கழகத்தில் படித்த அவர், ஜான் ஹே நூலகத்தில் பார்லோ சேர்த்துவைத்த கைப்பிரதிகளை அச்சுப் பாடத்தோடு ஒப்பிட்டு ஆயிரக்கணக்கான வேறுபாடுகளைக் கண்டறிந்தார். அவர் திருத்திய பாடத்தோடு ஆர்க்கம் ஹவுஸின் மூன்று தொகுதிகளும் 1984, 1985, 1986ஆம் ஆண்டுகளில் மறுபதிப்பாயின. அண்டார்டிகா நெடுங்கதை அதன்பின்பே ஆசிரியர் எழுதிய பத்தியமைப்போடு படிக்கக் கிடைத்தது.

ஜோஷியின் குறிப்புரையோடு பென்குவின் கிளாசிக்ஸ் வரிசையில் 1999, 2001, 2004 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுப்புகள் வந்தன. 2005இல் லைப்ரரி ஆஃப் அமெரிக்கா, எழுத்தாளர் பீட்டர் ஸ்டிராப் தேர்ந்த 'டேல்ஸ்' தொகுப்பை வெளியிட்டது. மெல்வில், விட்மன் போன்றோரின் படைப்புகளைக் கொண்ட வரிசை அது. எறிந்துவிடும் தாளில் தொடங்கிய எழுத்து அமெரிக்கச் செவ்வியல் வரிசையை அடைய எண்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

முழுமையாகத் தொகுத்ததில் மறைக்க முடியாததாக வெளிவந்தது அவருடைய இனவெறி. 'தி ஹாரர் அட் ரெட் ஹுக்' போன்ற கதைகளிலும், அதைவிட வெளிப்படையாகக் கடிதங்களிலும், குடியேறிகள் மீதும் கறுப்பின மக்கள் மீதும் அவர் கொண்ட வெறுப்பு பதிவாகியுள்ளது. உலக மிகைபுனைவு விருதாக 1975 முதல் வழங்கப்பட்டுவந்த அவருடைய மார்பளவுச் சிலை, எழுத்தாளர்களின் எதிர்ப்பை அடுத்து 2015இல் கைவிடப்பட்டது. தேர்ந்தெடுத்த கதைகளை மட்டுமே வாசகர் அறிந்திருந்தால் இவ்விவாதம் இந்த அளவுக்கு எழுந்திருக்காது.

ஆசிரியர் இறந்து எழுபது ஆண்டுகள் நிறைந்ததால், 2008 முதல் ஐரோப்பிய நாடுகளில் அவருடைய கதைகளுக்குப் பதிப்புரிமை இல்லை. யாரும் தொகுக்கலாம் என்ற நிலையில் தொகுப்புகள் பெருகிவிட்டன. பழைய பிழைப் பாடத்தை அப்படியே அச்சிடுவோரும், டெர்லெத் எழுதியவற்றைக் கலந்து தருவோரும் உள்ளனர். புதிதாகப் படிக்க முனைவோர், ஜோஷியின் திருத்தப் பாடத்தைப் பின்பற்றும் பதிப்புதானா என்று முன்னுரையில் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.