மலைபிளந்தானின் வாரிசுகள்

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் டெஜார்டன் என்ற பெயர் தெரியாதவர் இருக்க முடியாது. 1900இல் லெவி நகரில் அல்போன்ஸ் டெஜார்டன் தொடங்கிய கூட்டுறவுச் சேமிப்புச் சங்கம் இன்று பெரும் நிதிக் குழுமமாகிவிட்டது. அவருடைய தந்தையின் முழுப்பெயரோ பிரான்சுவா ருவா டி டெஜார்டன். தாய், கிளாரிஸ் மிவில் டி டெஷேன். மனைவி டோரிமென் பிறந்ததும் ருவா டி டெஜார்டன் குடும்பத்தில்தான். பிரெஞ்சுக் கனடியரின் வேர்களைத் தேடப் புகுபவர் முதலில் அறிய வேண்டியது நடுவில் நிற்கும் அந்த ‘டி’யை.

பிரபுக்குலப் பெயர்களில் வரும் ‘டு’ வேறு, இது வேறு. ‘டு’ ஊரையோ நிலத்தையோ சுட்டும். ‘டி’, சொல்லுதலைக் குறிக்கும் லத்தீன் வினையான ‘டிக்கெரே’யின் வழி வந்தது. நம் பத்திரங்களில் ‘என்கிற’ செய்யும் வேலையை அது செய்கிறது. பெண்ணானால் ‘டிட்’ என்று எழுதுவார்கள்.

இந்த ‘டி’ பெயர்களைப் பெரிதும் பரப்பியவர்கள் சிப்பாய்கள். பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவனுக்குப் ‘போர்ப்பெயர்’ ஒன்று கிடைக்கும். 1665இல் கரிஞான்-சாலியேர் படைப்பிரிவின் ஏறக்குறைய 1,200 வீரர்கள் கியூபெக் வந்தார்கள். அவர்களில் சுமார் 400 பேர் அங்கேயே குடியேறி உழவரானார்கள். படைவீரர்கள் சூடிய பெயர்களைப் படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. லாஃப்ளெர் என்றால் பூ. சான்ஷக்ரேன், கவலையற்றவன். வாட்போங்கர், மனமுவந்து போகிறவன். த்ரான்ஷ்மோந்தாஞ், மலைபிளந்தான்! பிக்கார், லாஞ்ஜ்வேன் போன்றவை சொந்த மாகாணத்தைச் சுட்டின. பிரான்சில் சிப்பாயோடு முடிந்துபோகக்கூடிய பெயர், கனடாவில் பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கியது.

‘டி’ பெயரைப் புனைபெயர் என்று சிலர் மொழிபெயர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இதில் மறைப்பு எதுவும் இல்லை. ஊரறியப் புழங்கிய பெயர் இது. ஒரே குடும்பப் பெயர் பல கிளைகளாகப் பெருகிய கிராமத்தில் யார் எந்த வீட்டார் என்று பிரித்துக் காட்டியதும் இதுதான். அதனால்தான் ஒருவருக்கு ஞானஸ்நானப் பதிவில் ஒரு பெயரும் திருமணப் பதிவில் இன்னொன்றும் இருக்கக் காண்கிறோம். மிவில் வம்சத்தில் சில கிளைகள் மிவிலாகவே நின்றன, சில டெஷேன் ஆயின. கனடாவின் முன்னாள் பிரதமர் வில்பிரிட் லோரியேயின் மூதாதை கோத்தினோ டி ஷாம்ப்லோரியே. சந்ததியார் கோத்தினோவையும் விட்டு, ‘ஷாம்ப்’பையும் உதிர்த்து, லோரியேயை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

19ஆம் நூற்றாண்டில் ‘டி’ மெல்ல வழக்கொழிந்தது. ஒவ்வொரு குடும்பமும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தது. எது நிற்கும் என்பதற்கு விதி ஏதும் இல்லை. 1840க்கும் 1930க்கும் இடையில் சுமார் ஒன்பது லட்சம் பிரெஞ்சுக் கனடியர் அமெரிக்காவுக்குப் போனார்கள், பலரும் நியூ இங்கிலாந்தின் பஞ்சாலைகளுக்கு. அங்கே பெயர்கள் ஆங்கிலத்துக்கு மாறின: புவாவேர் கிரீன்வுட் ஆனது, ருவா கிங் ஆனது. சிக்கலில் இன்னொரு முடிச்சு.

அவிழ்க்க வழியில்லாமல் இல்லை. பாதிரியார் சிப்ரியான் தாங்கே 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட வம்சாவளி அகராதியின் கடைசித் தொகுதியில், எந்தப் பெயர் எதுவாக மாறியது என்ற நீண்ட பட்டியல் இருக்கிறது. அதைவிடப் பெரிய துணை பெண்கள். கியூபெக்கின் தேவாலயப் பதிவேடுகளில் மணமான பெண்ணும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதப்பட்டாள். 1981 முதல் அது அங்கே சட்டமும்கூட. திருமணப் பதிவுகளில் பெரும்பாலும் இரு தரப்புப் பெற்றோரும் குறிக்கப்பட்டார்கள். ஆகவே ஆய்வாளர்கள் தனி மனிதனைத் தேடுவதில்லை, தம்பதியைத் தேடுகிறார்கள். பதிவேடு முழுக்க லாஃப்ளெர்கள் நிறைந்திருக்க, இவர் எந்த லாஃப்ளெர் என்பதை அவர் மனைவியின் பெயர் சொல்லிவிடும்.